பருப்பு வேகாத கிணறு

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவன் நாற்பது வார்த்தை பேசுவான். அதனால்தான் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. கெட்டிக்காரர்கள். சரி, எழுதுகிறேன். மழைநீர்க் குழிக்கு எத்தனை அடி ஆழம், மணல் எவ்வளவு, கரி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். புதிதாகக் களத்துக்குப் போகும் உங்களுக்கு, அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். ஒரு தெருவே நம்பியிருந்த கிணற்றை நானே என் அவசரத்தால் கெடுத்த கதை.

நான் தண்ணீர் வேலை பார்க்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாக இருந்தேன். எனக்குக் கொடுத்த இடம் திண்டுக்கல்லின் ஓரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மேட்டுத் தெரு. தகர வீடும் ஓட்டு வீடும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குழாய்த் தண்ணீர் வரும் நாளிலும் மேடு ஏறி வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். கீழ்த் தெருவில் குடம் நிரம்பி வழியும்போது மேலே குழாய் காற்றைத்தான் துப்பும். கோடையில் வண்டித் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் குடித்தார்கள். பெண்களில் பாதிப் பேர் நிலக்கோட்டையிலிருந்து வரும் பூவை வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பவர்கள். தண்ணீர் வண்டி ஹாரன் கேட்டால் பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள்.

முதல் நாள் நான் மைக், படம் வரைந்த அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று பேச ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண், இட்லிக் கடை நடத்துபவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், எங்களுக்கா பாடம் நடத்துறீங்க? அரிசி களைஞ்ச தண்ணி பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. காய் கழுவுன தண்ணியில ஏனத்துக்கு மொதக் கழுவல். அந்தக் கழுவுன தண்ணி கருவேப்பிலச் செடிக்கு. ஒரு கொடத்த மூணு தடவ செலவழிக்கிறோம். இத நீங்க கீழத் தெருவுல போயி மைக்க வச்சுச் சொல்லுங்க, நாங்களும் வந்து கேக்குறோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் அட்டையைச் சுருட்டினேன். அன்றைக்கு அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததுதான் நான் அந்தத் தெருவில் செய்த முதல் உருப்படியான வேலை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபம் வரும், அந்தக் கோபத்தை நான் தாங்க மாட்டேன். தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரே மாதத்தில் நானும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். தாடிக்கொம்பில் பிறந்து, கல்யாணமாகி இந்த மேட்டுக்கு வந்தவர். அவர் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் தெருவின் கோடியில் இருந்த தோல் கிடங்கில் சுமை தூக்கியவர். கிடங்கை மூடிய பிறகு அய்யலூர் சந்தையில் ஆடு பிடித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் யாரும் கேட்பதும் இல்லை.

தெரு நடுவில் ஒரு பழைய பொதுக் கிணறு இருந்தது. வற்றிப்போய், குப்பை கொட்டிக் கொட்டிப் பாதி மேடாகிவிட்ட கிணறு. அதைத் தூர்வாரி, சுற்றியிருக்கும் கூரைகளின் மழைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே இறக்கலாம் என்பது என் திட்டம். திட்டம் போடுவது சுலபம். அந்தக் குப்பையில் இறங்குவது யார்? முதலில் இறங்கியது அக்கா. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆம்பளைகளுக்கு அதற்குப் பிறகு நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். வர முடியாதவர்கள் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அப்பப்பா, என்ன நாற்றம்! உடைந்த பொம்மை, செருப்பு, மருந்து பாட்டில், ஒரு சைக்கிள் சக்கரம். எல்லாவற்றையும் எடுத்து அடிமண்ணைத் தொட்டபோது, ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் கசிந்தது. அக்கா அதை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார்.

"சக்கரையா இருக்கு சார்," என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

கோயில் கூரையிலிருந்து ஒரு குழாய், சர்ச் கூரையிலிருந்து ஒரு குழாய், கொஞ்சம் பெரிய வீடுகளிலிருந்து நாலைந்து குழாய்கள் என்று, கிணற்றை ஒட்டி வெட்டிய வடிகட்டும் குழியில் கொண்டுவந்து சேர்த்தோம். ஆனாலும் என் கணக்குக்குப் பத்தவில்லை. எனக்குக் கண் முழுவதும் தோல் கிடங்கின் கூரைமேல்தான். அம்மாம்பெரிய கூரை! மொத்தத் தெருவின் கூரைகளைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. உரிமையாளர் வெளியூரில் இருந்தார்; கேட்டதும் சரி என்றுவிட்டார். கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் தகரத் தாழ்வாரம் துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. புதிதாகப் போட நேரம் இல்லை, ஐப்பசி பிறக்கப் போகிறது. தண்ணீர் கிடங்கின் முற்றத்தில் விழட்டும், முற்றத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் குழிக்குக் கொண்டுவரலாம் என்றேன்.

நான் ஒன்றும் சோதிக்காமல் செய்யவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. ஆவணியில் ஒரு சின்ன மழை பெய்தபோது கிடங்கின் கூரைக்கு நேர்கீழே வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தேன். தண்ணீர் சோதிக்கும் பெட்டியைத் திறந்து சோதித்தேன். அருமையான தண்ணீர். அந்த வாளித் தண்ணீரை வைத்துத்தான் அறிக்கை எழுதினேன். முற்றத்து மண்ணில் விழுந்து ஓடிய பிறகு அந்தத் தண்ணீர் என்ன ஆகும் என்று நான் பார்க்கவில்லை.

வாய்க்கால் பற்றி முடிவெடுக்கத் தெருக் கூட்டம் போட்டோம். எல்லோரும் கை தூக்கினார்கள். பின்னால் நின்ற அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்த முத்தத்துல புல்லு மொளைக்காது."

"அதுனால என்னண்ணே, நாம புல்லா வளக்கப் போறோம்?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மைக்கும் பெட்டியும் கையில் இருப்பவன் ஒரு ஜோக் அடித்தால் அதற்கு எதிரே ஒரு சுமை தூக்கியின் பேச்சு நிற்காது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழை கொட்டியது. நாலே நாளில் கிணற்றில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. தெருவே விளிம்பில் கூடி நின்று எட்டிப் பார்த்தது. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பூக்கட்டும் பெண்கள் கிணற்றுச் சுவருக்கு ஒரு முழம் மல்லிகை சுற்றினார்கள். திங்கட்கிழமை நகரத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் பார்த்துத் திருப்தியானால் பக்கத்து மேட்டில் இருக்கும் ஐந்து தெருக்களுக்கும் இதே வேலையைச் செய்ய அனுமதி கிடைக்கும். அதுவரை யாரும் தண்ணீர் எடுப்பதில்லை என்று முடிவு.

சனிக்கிழமை காலை நான் தெருவுக்குள் நுழைந்தபோது அக்கா கடை வாசலிலேயே நின்றார். சாப்பிட வந்தவர்கள் காதில் விழக்கூடாது என்று என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். அடுப்பில் ஒரு பாத்திரம். கரண்டியால் பருப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"நசுக்குங்க."

நசுக்கினேன். நசுங்கவில்லை. கல்லுக் கல்லாக இருந்தது.

"நேத்து சாயந்தரம் நம்ம கெணத்துல ரெண்டு கொடம் எடுத்தேன் சார். ஊரு குடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஆக்கிப் பாக்கணும்ல. விடியக்காலம் வச்ச பருப்பு. வெறகுதான் தீந்துச்சு, பருப்பு வேகல. நாக்குக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல. அடுப்புக்குத் தெரியுது."

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன், உப்பும் கடினத்தன்மையும் எகிறியிருந்தன. சர்ச் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் நன்றாக இருந்தது. கோயில் குழாயும் நன்றாக இருந்தது. கிடங்கு முற்றத்து வாய்க்காலில் தேங்கியதில் கிணற்றைவிடப் பல மடங்கு உப்பு. அந்த முற்றத்தில்தான் வருஷக்கணக்காகத் தோலுக்கு உப்புத் தடவி அடுக்கியிருக்கிறார்கள். மண் முழுக்க உப்பு. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து, நான் வெட்டச் சொன்ன வாய்க்கால் வழியாக, எங்கள் கிணற்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மணலும் கரியும் குப்பையை நிறுத்தும், உப்பை நிறுத்தாது. இது எனக்குத் தெரியாததா? முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன்!

நிமிர்ந்தால் சிறுமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் மழை.

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் ஒருநாள் இதையே சொல்லத் துடிப்பீர்கள் என்பதால். "அக்கா, திங்கக்கிழமை மட்டும் போகட்டும். அதிகாரி வந்துட்டுப் போயிரட்டும். செவ்வாய்க்கிழமை சரி பண்ணிருவோம். இப்பச் சொன்னா அஞ்சு தெரு வேலையும் போயிரும்," என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுக வந்து ஒரு டம்ளரு குடிச்சுட்டு கார்ல ஏறிருவாக. இந்தத் தண்ணியில ஆக்கித் திங்கப் போறது யாரு சார்? என் பேச்சக் கேட்டுல்ல அம்புட்டுப் பேரும் அந்தக் குப்பையில எறங்குனாக. அவுக புள்ளைகளுக்கு இதக் குடுத்துட்டு நான் இந்தத் தெருவுல எப்படி நடமாடுவேன்? அஞ்சு தெருவுக்கும் இதையேதான் குடுக்கப் போறமா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் கடப்பாரையோடு வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாடுபட்டு வெட்டிக் காரை பூசிய வாய்க்கால். முதல் தூறல் விழும்போது அதை உடைக்க ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். சொன்னார். மூன்று தடவை சொன்னார். ஆனால் சொல்லும்போதும் கடப்பாரை நிற்கவில்லை. நான் மண்ணை அள்ளிப்போட்டு வாயை அடைத்தேன். மழை வலுப்பதற்குள் முற்றத்துத் தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டோம்.

அதோடு முடிந்துவிடவில்லை. கிணற்றில் இருப்பதை முழுவதும் இறைத்தாக வேண்டும். செத்த நேரத்தில் விஷயம் பரவி, தெருவே திரண்டுவிட்டது. நீங்கள் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குடத்தை மூன்று தடவை செலவழிக்கிறவர்களிடம் போய் ஒரு கிணற்றுத் தண்ணீரைக் கொட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது?

"தண்ணியக் கொட்டுறதா? அடிப்பாவி, நீயா சொல்ற?" என்று ஒரு பெண் அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டார். "வாயில வச்சா நல்லாத்தான இருக்கு! உப்பாம்ல உப்பு. உனக்கு எவனோ காசு குடுத்துட்டான்."

நான் பெட்டியைத் திறந்து எண்களைக் காட்டி விளக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கடையிலிருந்து இரண்டு அடுப்புகளைக் கொண்டுவந்து சர்ச் வராந்தாவில் வைத்தார். இரண்டு பாத்திரம், இரண்டிலும் ஒரே ஆழாக்குத் துவரம்பருப்பு. ஒன்றில் சர்ச் குழாயில் பிடித்த மழைத் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். பற்றவைத்துவிட்டு, "வேகுற வரைக்கும் யாரும் பேசாதீங்க," என்றார்.

ஒருவரும் நகரவில்லை. மழையில் பாதி நனைந்துகொண்டு, பருப்பு வேகுவதை ஒரு தெருவே நின்று பார்த்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மழைத் தண்ணீர்ப் பருப்பு குழைந்து மலர்ந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர்ப் பருப்பு பாத்திரத்தில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. அக்கா இரண்டிலிருந்தும் எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். காசு வாங்கிவிட்டாய் என்று கத்திய பெண்ணின் கையில்தான் முதலில் வைத்தார். அவர் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். என்னுடைய பெட்டி எத்தனை வருஷம் பேசினாலும் அப்படிப் பேசியிருக்காது.

நான் முன்னால் வந்து நின்றேன். முற்றத்துத் தண்ணீரைச் சோதிக்காமல் விட்டது நான்தான் என்றேன். சொன்னவரைக் கேலி பண்ணியதும் நான்தான் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எறைச்சுட்டா மறுபடி நல்ல தண்ணி ஊறுமா சார்?" என்று ஒரு பெண் கேட்டார்.

"தெரியலம்மா," என்றேன். "மழை பெஞ்சாத்தான். ஒரு தடவ எறைச்சுப் பத்தாது, மறுபடியும் எறைக்க வேண்டியிருக்கும். இந்த வருசம் ஊறாமலும் போகலாம்."

நம் தொழிலில் சொல்வதற்கு மிகக் கஷ்டமான வார்த்தை இந்த "தெரியல"தான். பயந்துகொண்டுதான் சொன்னேன். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் இறைக்கத் தயாரானார்கள். இந்த ஆள் இனிமேல் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ.

வாடகைக்கு எடுத்து வந்த மோட்டார் ஓடியது. தண்ணீர் வெளியே வந்ததும் ஒருவர் அதைத் திருப்பிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விடப் பார்த்தார். "கொட்டுறதுன்னா கொட்டிருவமா?" என்று பெண்கள் பாய்ந்தார்கள். வீட்டிலிருந்த டிரம், அண்டா, வாளி எல்லாம் வெளியே வந்தன. கக்கூஸுக்கு, வீடு கழுவ, துணி அலச என்று தனித்தனியாகப் பிடித்தார்கள். குடிக்கும் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்று டிரம்களில் செங்கல்லால் கோடு போட்டுக்கொண்டார்கள். பிடிக்கப் பாத்திரமே இல்லை என்ற பிறகுதான் சாக்கடைக்கு விட்டார்கள். கண்ணில் நீரோடு, ஆனால் ஒரு சொட்டை வீணாக்காமல் கிணற்றை வற்றடித்தார்கள். அந்த மனுஷர்களுக்கு நான் தண்ணீர்ச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போனேன்!

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு முழத் தண்ணீர்கூட இல்லை. முகம் சுருங்கியது.

"நெறஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

நடந்ததைச் சொன்னேன். உடைந்த வாய்க்காலையும் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு, "இங்க வாய்க்கால் போட்டது யார் முடிவு?" என்று கேட்டார்.

"என் முடிவு சார். தெருக்காரங்க மேல தப்பே இல்ல. என் பெயரையே எழுதிக்கங்க," என்றேன். பெரிய தியாகம் செய்யும் நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

அக்காவுக்கு வந்ததே கோபம்!

"செத்த சும்மா இருங்க சார். கூட்டம் போட்டது நாங்க. கை தூக்குனது நாங்க. எங்க வீட்டுக்காரரு சொன்னப்ப நானுந்தான சிரிச்சேன். நீங்க நாளைக்கு ரிட்டயரு ஆகிப் போயிருவீங்க. கெணத்தக் கையோட எடுத்துட்டா போவீங்க? தப்ப மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? வச்சுட்டுப் போங்க, எங்களுக்கு வேணும்."

பின்னால் நின்ற பெண்கள் "ஆமா, எங்களுக்கு வேணும்" என்றார்கள். அதிகாரி அக்காவைப் பார்த்து, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அக்கா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். மேட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி உயரம் கிணற்றைவிடக் குறைவு, அதனால் அது ஆகாது. தெருவின் மறுகோடியில், அரசாங்கத்தின் கையில் இருக்கும் சமுதாயக் கூடத்தின் மாடிக்கு அனுமதி வேண்டும் என்றார். தோல் கிடங்கு கூரைக்குப் புதுத் தாழ்வாரம் போட்டு, மண்ணைத் தொடாமல் குழாயிலேயே கொண்டுவர வேண்டும் என்றார். தன் வீட்டுக்காரர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார், நாங்கள் அவர் சொல்வதைக் கேட்போம் என்றும் சொன்னார். அதிகாரி அங்கேயே நின்று உத்தரவு எழுதினார். ஐந்து தெரு வேலையும் கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக.

அந்த வருஷம் கிணறு குடிக்கிற மாதிரி ஆகவில்லை. மூன்று முறை இறைத்தார்கள். கோடையில் மறுபடியும் வண்டித் தண்ணீர்தான் வாங்கினார்கள். அப்போதுகூட ஒருவரும் கிணற்றில் குப்பை போடவில்லை. நான் ஓய்வு பெற்றது அந்தச் சித்திரையில்.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள், ஒரு வேலையும் இல்லாமல், கால் இழுத்துக்கொண்டு போன மாதிரி அந்த மேட்டுக்குப் போனேன். கிணற்றைச் சுற்றிப் பெண்கள். கயிறும் வாளியுமாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை எடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆயிற்றாம். எனக்கு யாருமே சொல்லவில்லை. அக்கா கடைக்குள் வியாபாரத்தில் இருந்தார். அவர் வீட்டுக்காரர் குழியின் மணலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார், இரண்டு பேர் அவரிடம் ஏதோ கேட்டு நின்றார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். பிறகு நின்று பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துவிட்டது.

நான் முன்னால் போய், இறைத்த வாளிக்குக் கீழே கையை நீட்டினேன். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் போலிருக்கிறது, என்னைத் தெரியவில்லை.

"ஐயா, தண்ணி வேணும்னா வரிசையில வாங்க," என்றார்.

எனக்கு முன்னால் பதினோரு குடம் இருந்தது. போய்க் கடைசியில் நின்றுகொண்டேன்.